மதுரை வெயிலில் இருந்து மைனஸ் குளிருக்கு... கயிலாய யாத்திரைக்குப் பையை எப்படிக் கட்டணும், உடம்பை எப்படிக் கட்டணும்?

ஆனி மாசம். மதுரையில் மதியம் வெளியே தலைகாட்ட முடியாது. ராத்திரி ஃபேனை ஐந்தில் வைத்தாலும் தலையணை நனையும். அதே மாசத்தில், அதே ஊர்க்காரர் ஒருவர், அதிகாலை நாலு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் 18 ஆயிரம் அடி உயரக் கணவாயை நோக்கி ஏறிக்கிட்டிருப்பார். அங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே. நடுவில் இருக்கிற வித்தியாசம் சுமார் 40 டிகிரி.

கயிலாய மானசரோவர் யாத்திரைக்குப் போகிறவர்களின் நிலைமை இதுதான். கொரோனாவாலும், பிறகு இந்திய - சீன எல்லைப் பதற்றத்தாலும் 2020-ல் இருந்து நின்றுபோயிருந்த இந்த யாத்திரை, 2025 ஜூனில் மறுபடி தொடங்கியது. பல வருஷமாகக் காத்திருந்தவர்கள் இப்போது விண்ணப்பத்தைத் தேடுகிறார்கள். கூடவே எல்லோரும் கேட்கும் கேள்வி: 'என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?'

கேள்வி சரிதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு.

குளிரா, உயரமா... எது ஆபத்து?

மதுரை வீடுகளில் யாத்திரை முடிவானதும் பேச்சு ஸ்வெட்டரில்தான் ஆரம்பிக்கும். குளிரைப் பற்றிய பயம் அவ்வளவு. உண்மையில் குளிரைக் காசு கொடுத்துச் சமாளித்துவிடலாம். நல்ல துணி, நல்ல ஷூ இருந்தால் போதும். காசு கொடுத்து வாங்க முடியாதது உயரத்துக்கான பழக்கம்.

மதுரை கடல் மட்டத்தில் இருந்து நூறு சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கு. மானசரோவர் ஏரி சுமார் 4,590 மீட்டர், அதாவது 15 ஆயிரம் அடி. கயிலாயத்தை வலம் வரும் பாதையில் உள்ள டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டும். அங்கே காற்றழுத்தம் நம்ம ஊரில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, அதே 21 சதவீதம்தான். ஆனால் அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைப்பது பாதி.

'நான் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவன்', 'வருஷா வருஷம் சதுரகிரி போறேன்' என்று சொல்பவர்கள் நிறைய. நல்லது, கால் பலமாக இருக்கும். ஆனால் வெள்ளியங்கிரி 6 ஆயிரம் அடிக்குள் முடிந்துவிடும். கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 9 ஆயிரம் அடியைத் தொடவில்லை. அதாவது, 15 ஆயிரம் அடிக்கு உடம்பைப் பழக்க தென்னிந்தியாவில் இடமே கிடையாது. அந்தப் பழக்கம் போகும் வழியில்தான் வரணும். மெதுவாகப் போனால் மட்டும்தான் வரும்.

எவ்வளவு மெதுவாக? இந்திய ராணுவத்தைப் பாருங்க. உயரமான முகாமுக்கு அனுப்பும் வீரரை அவர்கள் மூன்று கட்டமாகப் பழக்குகிறார்கள். 2,700 முதல் 3,600 மீட்டர் வரையிலான உயரத்துக்கு 6 நாள், அதில் இருந்து 4,500 மீட்டர் வரை 4 நாள், அதற்கு மேலே இன்னொரு 4 நாள். மொத்தம் 14 நாள். தினமும் ஓடி, பயிற்சி எடுக்கும் இருபது, இருபத்தைந்து வயசுப் பையனுக்கே இந்தக் கணக்கு. 58 வயசில் ரிட்டயர் ஆகி, பி.பி. மாத்திரை போடுகிறவருக்கு 'ஏழே நாளில் கயிலாயம்' என்று யாராவது பேக்கேஜ் காட்டினால், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த நாள் எந்த உயரத்தில் தூங்க வைக்கிறார்கள் என்று பாருங்க.

மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூணு, நாலு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு எடுக்கணும்.

எந்த வழி?

மத்திய வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரைக்கு இரண்டு பாதைகள். உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழி 1981-ல் இருந்து இருக்கிறது. சிக்கிமின் நாதுலா வழி 2015-ல் திறக்கப்பட்டது. ஆன்லைனில் விண்ணப்பிக்கணும், குலுக்கல் முறையில் தேர்வு. டெல்லியில் மருத்துவப் பரிசோதனையில் தொடங்கி ஊர் திரும்பும் வரை மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும்.

லிபுலேக் வழியில் முன்பெல்லாம் நாள்கணக்கில் நடக்கணும். 2020-ல் கணவாய்ப் பக்கம் வரை போகும் சாலை திறக்கப்பட்டதால் நடை வெகுவாகக் குறைந்துவிட்டது. காலுக்கு நிம்மதி. ஆனால் அந்த நடையேதான் உடம்பை உயரத்துக்குப் பழக்கிக் கொடுத்தது. வண்டியில் ஏறினால் உயரம் சீக்கிரம் வந்துவிடும். அதனால் வழியில் கட்டாயமாக நிறுத்தி வைக்கும் ஓய்வு நாட்களை 'சும்மா உட்கார வச்சுட்டாங்க' என்று நினைக்காதீங்க. அந்த நாட்களில்தான் யாத்திரையின் முக்கியமான வேலை நடக்குது.

தனியார் நிறுவனங்கள் நேபாளம் வழியாக அழைத்துப் போகின்றன. ஹெலிகாப்டர் பயணத்தில் மதுரையைப் போலவே சமவெளியில் இருக்கும் நேபாள்கஞ்ச்சில் கிளம்பி, சிமிகோட், ஹில்சா வழியாகத் திபெத்தின் தக்லாகோட் போய்ச் சேருவார்கள். தக்லாகோட் ஏறத்தாழ 3,900 மீட்டர். இரண்டு நாளில் அங்கே கொண்டுபோய் விடுவது சாத்தியம். உடம்பு அதற்கு ஒத்துக்கணும் என்று கட்டாயமில்லை.

பையைக் கட்டும் முன் தராசில் ஏறுங்க

அரசு யாத்திரைக்கு வயது 18 முதல் 70 வரை. இது பலருக்கும் தெரியும். பலரும் கவனிக்காமல் விடுவது பி.எம்.ஐ. விதி. உயரத்துக்கும் எடைக்குமான அந்த அளவு 25 அல்லது அதற்குக் கீழே இருக்கணும். 165 சென்டிமீட்டர் உயரம் உள்ளவர் 68 கிலோவுக்குள் இருக்கணும் என்று அர்த்தம். நம்ம ஊர் ஐம்பது வயசுக்காரர்களில் எத்தனை பேர் இதில் தேறுவோம்? (இதை எழுதுகிறவர் தேறமாட்டார்.)

டெல்லி ஹார்ட் அண்ட் லங் இன்ஸ்டிடியூட்டில் ரத்தம், இசிஜி, ட்ரெட்மில், மார்பு எக்ஸ்ரே என வரிசையாகப் பரிசோதனை. பிறகு இந்தோ - திபெத் எல்லைக் காவல் படையின் டாக்டர்கள் பார்ப்பார்கள். வழியில், உயரத்தில் இன்னொரு பரிசோதனையும் உண்டு. எங்கே தேறாவிட்டாலும் அங்கிருந்தே ஊர் திரும்ப வேண்டியதுதான். அதனால் இதே பரிசோதனைகளை மதுரையிலேயே நாலு மாசம் முன்னால் எடுத்துவிடுங்க. எடையைக் குறைக்கவும், பி.பி.யைக் கட்டுக்குள் கொண்டுவரவும் நேரம் கிடைக்கும். பாஸ்போர்ட்டும் அப்படித்தான். தேதி முடிய ஆறு மாசத்துக்கு மேல் பாக்கி இருக்கணும். இல்லையென்றால் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இப்போதே ஒரு நடை போயிட்டு வந்துடுங்க.

தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை மானசரோவர், முக்திநாத் யாத்திரைகளுக்கு மானியம் தருகிறது. அதற்கான அறிவிப்பு தனியாக வரும். பயணச் சான்றுகள், ரசீதுகள் எதையும் தூக்கிப் போடாதீங்க.

பயிற்சிக்கு மதுரையில் இடமா இல்லை? தினமும் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றியோ, ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ ஒரு மணி நேர நடை. வாரம் ஒருமுறை அழகர்கோவிலில் வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் பழமுதிர்சோலை, அங்கிருந்து நூபுர கங்கை வரை நடந்தே ஏறலாம். முதுகில் நாலு கிலோ பையோட ஏறணும், அதுதான் விஷயம். வனத்துறை அனுமதிக்கும் நாட்களில் தாணிப்பாறையில் இருந்து சதுரகிரி ஏறி இறங்கினால், முட்டி என்ன சொல்லுது என்று தெரிந்துவிடும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி பேசும்.

பருத்தி என்ற நம்பிக்கை துரோகி

சுங்குடி நெய்கிற ஊரில் இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. ஆனால் கடுங்குளிரில் உடம்போடு ஒட்டிப் போடும் துணி பருத்தியாக இருக்கவே கூடாது.

காரணம் எளிது. நம்ம வெயிலில் பருத்தி சுகமாக இருப்பதற்குக் காரணம், அது வியர்வையை உறிஞ்சி ஈரமாக இருந்து, உடம்பைக் குளிர வைக்கிறது. அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும். ஏறும்போது வியர்க்கும், பனியன் நனையும், நின்றதும் காற்று அடிக்கும். தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். ஐயாயிரம் ரூபாய் ஜாக்கெட்டுக்கு உள்ளே நூறு ரூபாய் ஈரப் பனியன் இருந்தால், ஜெயிப்பது பனியன்தான்.

எனவே மூன்று அடுக்குக் கணக்கு. உள்ளே, உடம்பை ஒட்டி, பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் செய்த தெர்மல்: மேலும் கீழும் இரண்டு செட். ஒன்றை ராத்திரி தூங்க மட்டும் என்று ஒதுக்கி, நனையாமல் பாலித்தீன் பையில் கட்டி வையுங்க. நடுவில் சூட்டைப் பிடித்து வைக்கும் அடுக்கு, ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், அதேபோன்ற பேன்ட். ராத்திரியிலும் டோல்மா ஏறும் விடியற்காலையிலும் போட்டுக்கொள்ள இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் ஒன்று. இதை வாங்கித்தான் ஆகணும் என்றில்லை. டெல்லியிலும் காத்மாண்டுவிலும் வாடகைக்குக் கிடைக்கும். சில பயண நிறுவனங்களே திருப்பித் தரும்படி கொடுக்கின்றன. மூணு வாரத்துக்கு ஒருமுறை போட்டு, பிறகு மதுரையில் பீரோவில் வைத்து அந்துருண்டை போடுவதற்கு அது தேவைதானா என்று யோசிங்க.

அடுக்கின் பலனே கழற்றிப் போடுவதில்தான். வியர்க்க ஆரம்பித்தவுடன் ஒன்றைக் கழற்றணும், நின்றவுடன் போட்டுக்கணும். காலையில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, மதியம் வரை அப்படியே நடப்பதுதான் நம்ம ஆட்கள் செய்யும் தப்பு.

வேட்டியிலும் சேலையிலும்தான் வலம் வருவேன் என்று நேர்ந்துகொள்பவர்கள் உண்டு. நம்பிக்கையில் நாம் தலையிட வேண்டாம். தெர்மலுக்கும் காற்று புகாத பேன்ட்டுக்கும் மேலே ஒரு துணியாகச் சுற்றிக்கலாம். வெறும் சேலையோடு கணவாய் ஏறுவது வேண்டாம். தடுக்கி விழுவது ஒரு பக்கம், ஈரம் இழுத்துக்கொள்வது இன்னொரு பக்கம்.

ஸ்வெட்டர் பற்றி ஒரு சின்ன விஷயம். மழைக்காலம் முடியும் நேரத்தில் தமிழக நகரங்களில் திபெத்தியர்கள் ஸ்வெட்டர் கடை போடுவதைப் பார்த்திருப்பீங்க. துணி பெரும்பாலும் லூதியானாவில் இருந்து வருவது. ஆனால் விற்பவர்களின் பூர்வீகம், நீங்கள் போகப்போகிற அதே திபெத். கோடையில் மதுரையில் ஸ்வெட்டர் தேடி அலையாமல், கார்த்திகை, மார்கழியில் அவர்களிடமே வாங்கி வைத்துக்கிட்டால் நல்லது.

காலும் கையும்

செருப்பிலேயே வாழ்ந்த கால் நம்மளது. அந்தக் காலைப் புது ஷூவுக்குள் திணித்து நேராகப் பரிக்ரமாவுக்குக் கொண்டுபோனால், முதல் நாளே கொப்புளம். ஷூவை இரண்டு மாசம் முன்னால் வாங்கி, தெப்பக்குளம் நடையிலேயே போட்டுப் பழக்குங்க. கணுக்காலை மூடுவதாக, தண்ணீர் புகாததாக இருக்கணும். அளவு பார்க்கும்போது கெட்டிக் கம்பளி சாக்ஸ் போட்டுப் பாருங்க. விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கணும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். சாக்ஸ் நாலு ஜோடி, தூங்க மட்டும் ஒரு ஜோடி.

கைக்கு மெல்லிய கையுறை ஒன்று, அதற்கு மேலே தண்ணீர் புகாத பெரியது ஒன்று. போன் எடுக்க, ஜிப் போட, மெல்லியது கையிலேயே இருக்கணும். தலைக்கு நம்ம பழைய மங்கி குல்லா போதும், அதை மிஞ்ச ஆளில்லை.

விரலோ, மூக்கு நுனியோ, காதோ வெளுத்து மரத்துப் போனால் அது உறைபனிக் காயத்தின் ஆரம்பம். தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அக்குளில் வைத்து, அல்லது உடம்புச் சூட்டு அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மெதுவாகச் சூடாக்கணும்.

கண்ணை மறந்துடாதீங்க. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும், பனி அதைத் திருப்பி அடிக்கும். யு.வி. தடுக்கும், பக்கவாட்டையும் மறைக்கும் கூலிங் கிளாஸ் தேவை. 'வெயில்ல வளர்ந்தவங்க நாங்க' என்ற தைரியம் அங்கே செல்லாது. சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தைலம், பித்தவெடிப்புக்கு வாசலின் எல்லாம் வேணும். தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அது 24 டிகிரிக்குக் கீழேயே உறைய ஆரம்பிக்கும். டெல்லி தாண்டி மலையேறியதும் பாட்டிலுக்குள் கல்லாக உட்கார்ந்திருக்கும்.

மருந்துப் பை: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

தினசரி மாத்திரைகளைப் பயண நாளுக்கு மேல் குறைந்தது பத்து நாளுக்குச் சேர்த்து எடுங்க. இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைக் கையோடு இருக்கும் பையிலும், இன்னொன்றைப் பெரிய பையிலும் வையுங்க.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்கணும். இன்சுலின் வெயிலில் கெடும் என்று நமக்குத் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது மதுரையில் யாருக்கும் தேவைப்படாத பாடம். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அதைப் போடக் கூடாது. விமானத்தில் லக்கேஜில் போடாமல் கையில் வைத்துக்கணும். மலையில் உடம்பை ஒட்டிய உள்பாக்கெட்டில், ராத்திரி படுக்கைக்குள் வைத்துக்கணும். குளிரிலும் உயரத்திலும் குளுக்கோமீட்டர் தப்பான எண் காட்டலாம். அதையும் உடம்புச் சூட்டில் வைத்திருந்து பாருங்க. பசி குறையும், நடை கூடும். டோஸை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்னாலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிடுங்க.

உயர நோய்க்கு முன்கூட்டியே போடும் அசிட்டசோலமைடு மாத்திரையை மலையேறுகிறவர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்காதீங்க. சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களுக்கும், சில சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் ஆகாது. விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். டாக்டர் சரி என்றால், ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்று குழுக்களில் சொல்வார்கள். மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. சின்ன ஆக்சிஜன் டப்பாக்கள் சில நிமிஷத்துக்குத்தான் வரும், விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். ரம் குடித்தால் சூடு என்பதும் பொய். தோல் சூடாவது போலத் தோணும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போகும்.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப் போகலாம். ஆனால் மதுரையில் 98 காட்டியது, அங்கே 80-களில் காட்டினால் பதறாதீங்க. அந்த உயரத்தில் அது சகஜம். சில்லிட்ட விரலில் எண்ணே தப்பாக வரும். எண்ணைவிட ஆளைப் பாருங்க.

சாப்பாடு, தண்ணீர், பேட்டரி

மானசரோவர் கரையில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு சரியாக வேகாது, பருப்பு வேகவே வேகாது, டீ கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாலும் நாக்குக்குச் சூடு பத்தாது. கூடவே வாய்க்கு எதுவும் பிடிக்காது. பசிக்காமல் போவது உயரத்தின் வேலை. அதனால் நம்ம ஊர் ருசி கொஞ்சம் கையில் இருக்கணும். புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் சின்ன பாக்கெட்டில். நடக்கும்போது கொறிக்கக் கோவில்பட்டி கடலை மிட்டாயைவிடச் சிறந்தது எந்த வெளிநாட்டு எனர்ஜி பாரிலும் இல்லை என்பது என் கருத்து. எண்ணெய், இனிப்பு, புரதம் மூன்றும் சேர்ந்தது. குளிருக்கும் அசராது, பல்தான் கொஞ்சம் பத்திரம்.

தண்ணீர் மூணு லிட்டராவது குடிக்கணும். வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நிறைய ஈரம் போகும், தாகம் தெரியாது. கழிப்பறை வசதி மோசமாக இருப்பதால், பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறார்கள். தலைவலியில் ஆரம்பிக்கும் பல சங்கடங்களுக்கு இது ஒரு காரணம். டிஷ்யூ, சானிட்டைசர், நாப்கின், ஒதுங்கும்போது மறைப்புக்குப் பிடிக்க ஒரு நீளமான போர்வைத் துணி - இவை கூச்சப்பட வேண்டிய பொருட்கள் இல்லை.

குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும். உள்பாக்கெட்டில் வையுங்க. பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோகணும். நெற்றியில் மாட்டும் டார்ச், கூடுதல் பேட்டரி அவசியம். ராத்திரி வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்தால் அதுதான் ஹீட்டர். காலையில் குடிக்கும் தண்ணீரும் அதுவே.

மொத்தமும் 20 கிலோவுக்குள் அடங்குமாறு கட்டுங்க. பரிக்ரமா நடக்கும் மூன்று நாளும் பெரிய பை பெரும்பாலும் அடிவாரத்துத் தார்ச்சனிலேயே தங்கிவிடும். சின்னப் பையில் இருப்பதுதான் உங்களோடு வரும். அந்தச் சின்னப் பையைக் கட்டும்போது மட்டும் அவசரம் வேண்டாம். லிபுலேக், நேபாளம், சிக்கிம் எல்லாமே அந்த மாசங்களில் மழைப் பகுதி என்பதால், இரண்டு பைக்குள்ளும் பெரிய பாலித்தீன் உறை போட்டு, அதற்குள் துணியை வையுங்க.

எல்லாம் சேர்ந்துவிட்டதா? தை மாசத்தில் ஒரு விடியற்காலை கொடைக்கானல் ஏரியைச் சுற்றி, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடந்து பாருங்க. உயரத்துக்கு இது பயிற்சி ஆகாது. ஆனால் எந்த ஜிப் ஓடலை, எந்தக் கையுறை பத்தலை என்பது மதுரையில் இருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

லீவு கணக்கில் நாலு நாள் சேருங்க

மலை நம்ம டைம்டேபிளில் ஓடாது. 1998 ஆகஸ்டில் லிபுலேக் வழியில் உள்ள மால்பாவில் நள்ளிரவு நிலச்சரிவில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் சுமார் 60 பேர் யாத்ரீகர்கள். 2018 ஜூலையில் மோசமான வானிலையால் சிமிகோட், ஹில்சா பகுதிகளில் ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய யாத்ரீகர்கள் நாள்கணக்கில் சிக்கினார்கள். 2025 ஜூலையில் ரசுவாகடியில் நேபாள - சீன எல்லைப் பாலத்தையே வெள்ளம் அடித்துப் போனது.

எனவே திரும்பும் ரயில், விமான டிக்கெட்டை நெருக்கமாகப் போடாதீங்க. நிஜாமுதீனில் சம்பர்க் கிராந்தியைப் பிடிக்கணும் என்பதற்காக உடம்பு முடியாமல் அவசரமாக நடக்கும் நிலை வரக் கூடாது. கூடுதல் நாலு நாளுக்கு மருந்தும் பணமும் கையில் இருக்கணும்.

எப்போது திரும்பணும்?

உயரம் ஏறிய பிறகு தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, தலைசுற்றல் வந்தால் உயர நோயின் முதல் படி. அப்போது அதற்கு மேலே ஏறாமல் இருந்தாலே பெரும்பாலும் சரியாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல் விடவில்லை, சளியில் ரோஸ் நிற நுரை வருது என்றால் நுரையீரலில் நீர் கோக்குது. குடித்தவர் போலத் தள்ளாடி நடக்கிறார், குழறுகிறார், ஊர் பெயரே குழம்புது என்றால் மூளை வீங்குது. இவை இரண்டும் உயிர்ப் பிரச்சினை. மாத்திரையும் ஆக்சிஜனும் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். மருந்து என்பது கீழே இறங்குவது. ராத்திரி என்றாலும், மழை என்றாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், அந்த நிலையில் இருப்பவருக்குத் தன் நிலைமை தெரியாது. 'எனக்கு ஒண்ணுமில்லை, நீங்க நடங்க' என்பார். மதுரையில் இருந்து சேர்ந்து போகும் இருவர் ஒருவரை ஒருவர் காலையிலும் மாலையிலும் சோதித்துக்கணும்: தரையில் நேர்கோட்டில், ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதத்தை வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்க. தடுமாறினால் விவாதம் வேண்டாம், இறக்கிடுங்க.

மானசரோவரில் நீராடுவதிலும் இதே எச்சரிக்கை. அனுமதிக்கும் இடத்தில், உச்சி வெயில் நேரத்தில், வாளியில் எடுத்து ஊற்றிக்கொண்டு உடனே துவட்டி, உலர்ந்த துணிக்கு மாறுங்க. குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறங்கும் அதிர்ச்சியை இதய நோயாளியின் உடம்பு தாங்காது.

'இவ்வளவு தூரம் வந்துட்டு, சுத்தாம திரும்புறதா?' என்ற கேள்விதான் பலரை மேலே தள்ளுகிறது. நடந்தும் தவழ்ந்தும் கயிலைக்குப் போன அப்பரே பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டு, திருவையாற்றில் காட்சி கண்டார் என்பதுதான் நம்ம புராணம்.

நடைமுறையிலும் பாதியில் நிற்பது தனியாக ஊர் திரும்புவது ஆகாது. வலம் வராதவர்கள் பொதுவாகத் தார்ச்சனிலோ தக்லாகோட்டிலோ தங்கியிருந்து, குழு திரும்பியதும் சேர்ந்துகொள்ளலாம். கிளம்பும் முன் குழுத் தலைவரிடமோ ஏஜென்ட்டிடமோ கேட்டு வைங்க: பாதியில் நின்றால் யார் என்னோடு இருப்பார், எங்கே தங்குவேன், மீட்புச் செலவு இன்ஷூரன்ஸில் வருமா, எத்தனை மீட்டர் உயரம் வரை வரும்? பதிலைக் காகிதத்தில் வாங்கி, பாஸ்போர்ட் நகலோடு சேர்த்து ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துட்டுப் போங்க.